சாமியாரும் சென்னம்மாளின் பால் புட்டியும்

இந்த வருஷம் காரிமங்கலம் சந்தைக்கு ஜனங்கள் மாடு பிடிக்க வந்தார்களோ இல்லையோ, பால் காட்ட வந்தார்கள். பசும்பால் இல்லை, தாய்ப்பால். யுத்த காலம். மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், துணிக்குப் பஞ்சம். சந்தைப்பேட்டைப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த பால்முனி சாமியாருக்கு மட்டும் ஒரு பஞ்சமும் இல்லை.

வத்தல்மலையில் பன்னிரண்டு வருஷம் இலையைத் தின்று தவமிருந்தவராம். இலை தின்றவருக்கு அத்தனை பெரிய தொந்தி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் நாக்கு அழுகும் என்று சாமியாரே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார்.

பிள்ளை பெற்றவள் விடியற்காலையில் பாலைப் பீய்ச்சிக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுவர வேண்டும். சாமியார் புட்டிகளை வரிசையாக வைத்துச் சிவப்புத் துணியால் மூடுவார். உச்சிப்பொழுது வரைக்கும் முணுமுணுப்பார். பிறகு துணியை எடுத்தால் கூட்டம் வாயைப் பிளக்கும். மேலே மஞ்சளாக ஒரு பட்டை, கீழே நீலம் பாரித்த தண்ணீர். பிள்ளைக்கு நோவு கொடுக்கிற பால்முனி என்கிற பேய் சத்தை உறிஞ்சிவிட்டதாம். புட்டியைத் தூக்கித் தாயின் தலையை மூன்று தடவை வேகமாகச் சுற்றுவார். பால் பழையபடி வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். முனி ஓடிவிட்டது. முனிக்குக் காணிக்கையாகக் கறுப்புச் சேவல் ஒன்று சாமியார் கூடைக்குள் போகும். அவர் வீட்டு அடுப்பிலிருந்து வந்த மிளகு வாசனையைப் பார்த்தால், முனிக்குக் காரமும் பிடிக்கும் போலிருந்தது.

சென்னம்மாளையும் அவள் புருஷன் மல்லையன் அங்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நாலு மாதப் பிள்ளைக்குப் பத்து நாளாக வாந்தியும் பேதியும். சென்னம்மாள் புளி மண்டியில் கொட்டை எடுக்கிறவள். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். மண்டிக்குள் கைப்பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது. அதனால் பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஜான் பீ, பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகச் சொல்லிக்கொடுத்து, ரப்பர் காம்பு வைத்த புட்டி ஒன்றும் கொடுத்திருந்தாள். பகலில் நாத்தனார் ராமக்காள் அதைப் புகட்டுவாள். இரண்டு மாதம் நன்றாகத்தான் நடந்தது. சித்திரை வெயில் தொடங்கியதும் பிள்ளை கக்க ஆரம்பித்தான்.

சென்னம்மாளின் புட்டியைச் சாமியார் சுற்றவே இல்லை. மல்லையன் கொண்டுபோயிருந்தது சேவல் அல்ல, நோஞ்சான் வெள்ளைக் குஞ்சு. முனியின் கோபம் காணிக்கையின் எடையைப் பொறுத்தது.

"இவ பால் விஷமாயிட்டுது," என்றார். "நாப்பத்தெட்டு நாளைக்குப் புள்ள வாயில இது படக்கூடாது. இவளப் பொறந்த வூட்டுக்கு அனுப்பிடு. புள்ள உங்கிட்டயே இருக்கட்டும். வாரம் ஒரு சேவல் கொண்டா."

அன்றைக்கே பிள்ளைக்குத் தாய்ப்பால் நின்றது, வெல்லத் தண்ணீர் வந்தது. வாந்தியும் நின்றது. சாமி வாக்குப் பலித்ததென்று மல்லையன் பூரித்தான். உள்ளே ஏதாவது போனால்தானே வெளியே வரும்? நாலே நாளில் பிள்ளையின் தொடை சூம்பித் தோல் தொங்கியது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். அடுத்த சந்தை நாளில் சென்னம்மாளை இண்டூரில் அவள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவதென்று மல்லையன் முடிவு செய்தான். பிள்ளையைப் பிரிந்து, மாரில் பாலைக் கட்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் எப்படி இருப்பதென்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

ஐந்தாம் நாள் வலி தாங்காமல் பாலைப் பீய்ச்சிப் புட்டியில் பிடித்தாள். கொட்ட மனம் வராமல் மாடத்தில் வைத்தாள். மத்தியானம் பார்த்தால் அதே மஞ்சள் பட்டை, அதே நீலத் தண்ணீர். சாமியாரும் இல்லை, சிவப்புத் துணியும் இல்லை. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று எடுத்தாள். எடுத்த வேகத்தில் புட்டி ஆடியது. பட்டையைக் காணோம். மறுபடி வைத்துவிட்டுச் சாயங்காலம் பார்த்தாள். பட்டை வந்திருந்தது. ஆட்டினாள். போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் தவமிருந்தவருக்குப் பயந்து ஓடிய முனி, புளிக்கொட்டை எடுக்கிறவளுக்கும் பயந்து ஓடியது.

நேரே ஜான் பீயிடம் போனாள். ஜான் பீ முனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ராமக்காள் பாலை எப்படிப் புகட்டினாள் என்று கேட்டாள். காலையில் பாதி, மிச்சத்தை மத்தியானம், அதிலும் மிஞ்சினால் பொழுது சாய, எல்லாம் அதே புட்டியில் என்றாள் சென்னம்மாள். மிஞ்சியதைக் கொட்டக் கூடாதா? கூடாது. தாய்ப்பாலை மண்ணில் கொட்டி எறும்பு தின்றால் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்பது ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட சங்கதி.

"அஞ்சு புள்ளைக்கும் மிஞ்சினதை நான் வாசல்லதான் ஊத்தினேன்," என்றாள் ஜான் பீ. "எறும்பு தின்னு தின்னு கொழுத்துச்சு. எனக்கு எங்க வத்துச்சு? புள்ள வாய் வெச்ச பாலு இந்த வெயில்ல பொழுது சாயற வரைக்கும் கெடந்தா, சோறு மாதிரி ஊசிப்போவும். உம் பாலு நல்ல பாலு. மிச்சம்தான் விஷம்."

சென்னம்மாள் அழுதேவிட்டாள். "நான் சொன்னா அவரு கேக்கமாட்டாருங்க. சாமி சொன்னாத்தான் கேப்பாரு."

"அப்போ சாமி வாயாலயே சொல்ல வெப்போம்."

சாமியாருக்குப் பெண்சாதி இருப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மருத்துவச்சிக்குத் தெரியும். செல்லி என்கிற அந்தப் பெண்ணுக்கு இருபது நாளைக்கு முன்னால் பிரசவம் பார்த்தவளே ஜான் பீதான். செல்லிக்கும் பால் கட்டிக்கொண்டு வலி. சந்தையன்று விடியற்காலையில் ஜான் பீ போய்ப் பீய்ச்சிவிட்டு, அந்தப் பாலைச் சென்னம்மாளின் புட்டியில் பிடித்துக்கொண்டாள். உச்சிப்பொழுதுக்குப் பிள்ளையோடு புளியமரத்தடிக்கு வரும்படி செல்லியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

இண்டூர் போக வண்டி தயாராக நின்றது. கடைசித் தடவையாக ஒரே ஒரு முறை காட்டலாம் என்று கெஞ்சி, சென்னம்மாள் புட்டியைச் சாமியார் முன்னால் வைத்தாள். சேவல் வைக்கவில்லை. அது ஜான் பீயின் யோசனை.

உச்சிப்பொழுதில் துணி விலகியது. சாமியார் சேவலைத் தேடினார், காணவில்லை. முகம் சிவந்தது.

"போன வாரத்தைவிட மோசம். இது சுடுகாட்டுப் பால். இதைக் குடிக்கிற புள்ள அமாவாசை தாண்டாது. இவளை வெச்சிருக்கிற புருஷன் ரத்தம் கக்குவான்."

மல்லையன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள் ஜான் பீ மரியாதையாக. சாமியார் சந்தோஷமாக இன்னும் உரக்கச் சொன்னார்.

சென்னம்மாள் எழுந்தாள். "இது எம் பாலு இல்லீங்க, சாமி. அங்க நிக்கிறாங்களே, உங்க வூட்டம்மா, அவங்க பாலு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பச்சைப்பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு செல்லி நின்றாள். முனி ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்குத் தாவும் என்று சாமியார் ஏதோ தொடங்கினார். செல்லி விடவில்லை.

"எம் புள்ள அமாவாசை தாண்டாதா? பொம்மிடி டேசன்ல நாம பால் வித்தப்போ, ஆடை மேல ஒதுங்கிடும், ஆட்டிட்டு ஊத்துடின்னு தெனமும் கத்தினது யாரு? அப்போ எந்த முனி வந்துச்சு?"

சென்னம்மாள் புட்டியை எடுத்து நாலு ஆட்டு ஆட்டினாள். பால் வெள்ளையாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் தன் புட்டியை ஆட்டினாள். அடுத்தவளும் ஆட்டினாள். மந்திரமில்லாமலே முப்பது முனிகள் ஒரே நேரத்தில் ஓடின. சாமியார் எழுந்த வேகத்தில் கூடை கவிழ்ந்து, சேவல்கள் ஒரு பக்கம், கொடுத்தவர்கள் அவற்றின் பின்னால், சாமியார் பொம்மிடிப் பக்கம்.

சென்னம்மாள் அங்கேயே வண்டியில் உட்கார்ந்து பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டாள். முதலில் அவனுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பிறகு பிடித்துக்கொண்டவன் விடவே இல்லை. மல்லையன் மாடுகளை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

இப்போது ஜான் பீ சொன்னபடி புட்டி தினமும் கொதிக்கிற தண்ணீரில் வேகிறது. பிள்ளை குடித்து மிஞ்சிய பாலை ராமக்காள் உடனே வாசலில் கொட்டிவிடுகிறாள். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினாள். எறும்புகள் சாரை சாரையாக வந்து தின்றன. பால் வற்றிவிட்டதா என்று எட்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வற்றியது சாமியார் வீட்டு மிளகுக் குழம்பு மட்டும்தான்.

இண்டூர்ப் பக்கம் முட்டையைத் துணியால் மூடி வைத்து ஜாதகம் சொல்கிற சாமியார் ஒருவர் இப்போது வந்திருக்கிறாராம். கூட்டம் தாங்கவில்லையாம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மூடி வைத்ததை மட்டும் ஒரு தடவை எடுத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டிப் பார்க்கக்கூட மனம் வரவில்லையென்றால் சொந்தத் தலையை ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று.