ஐந்தாம் குழந்தைக்கான போர்

"நான் தூங்கிட்டா நீயும் தூங்கிடுவியா?" என்று டான்சில் எடுக்க வந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஒருமுறை கேட்டாள். "மாட்டேன்டா செல்லம், கண்ணக்கூட இமைக்க மாட்டேன்" என்று விடை பகர்ந்தவன் எவனோ, நீலத்தொப்பி முடியாகச் சூடிய நெடுந்தோளன் எவனோ, ஓஹையோ மாநிலத்து ஏரிக்காற்றில் இரண்டு குளிர்காலம் உறைந்தும் உருகியும் மயக்க மருத்துவரின் உதவியாளர் ஆகும் முதுகலைப் படிப்பில் தவமிருந்தவன் எவனோ, அந்த ராஸ்கோ டில்மனை வாழ்த்தித் தொடங்குகிறோம். உறங்குவோரைக் காக்கும் உறங்காத இறைவா, சொல் இடறாமல் துணை நில்!

அவன் பயின்ற துறைக்கு ஒரு கொடி உண்டு. துணிக்கொடியன்று, இணையதள முகப்பில் பொறித்த ஓர் எண். 'குறித்த நாளில் பட்டம் பெற்றோர்: நூற்றுக்கு நூறு.' ஆறாண்டாகத் தாழாத அந்த எண்ணைத் துறைத் தலைவர் நாள்தோறும் காலையில் திறந்து பார்த்து, அது இன்னும் நூறாகவே இருக்கக் கண்ட பின்னரே காபி அருந்துவார் என்பர். "நான் இருக்கிற வரைக்கும் அந்த நூறு தொண்ணூத்தொம்பது ஆகாது! ஆக விடமாட்டேன்!" என்று அவர் சபையில் முழங்கியபோது, இருபத்துநான்கு பேர் கொண்ட வகுப்பில் ஒருவர் தவறினாலே தொண்ணூற்றாறாகிவிடும் என்று எடுத்துரைக்கும் வீரம் எவர்க்கும் இல்லை.

பட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. ஓராண்டு நிறையாத குழந்தைகள் ஐவரையேனும் மாணவன் தன் கையால் மயக்கத்தில் ஆழ்த்தி, மீண்டும் விழிக்கச் செய்திருக்க வேண்டும். ராஸ்கோவின் பதிவேட்டில் நால்வர். அவனோடு பயின்ற மரிபெல் குவின்டெரோவின் பதிவேட்டிலும் நால்வர். அன்று மாலை ஐந்து மணிக்குப் பதிவேடு மூடப்படும். ஐந்தாமவரைப் பெறாதவர், வகுப்பார் அங்கியணிந்து மேடையேறும் நாளில் கீழே நின்று கைதட்டலாம். கிடைத்த வேலையும் காத்திருக்கும், அல்லது காத்திராது.

ஏப்ரல் மாதத்து ஆலங்கட்டி சன்னலை அறைந்த அந்த வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அறுவைப் பட்டியல் வெளியானது. அதில் ஒரேயொரு குழந்தை. ஒன்பதாம் அறை, இரைப்பையின் வாயில் அடைபட்டு, குடித்த பாலையெல்லாம் கக்கும் ஐந்து வார ஆண்மகவு. மாணவர் பெயர் குறிக்கப்படவில்லை. அத்தகைய அறையில், மயக்க எந்திரத்தின் நெற்றியில் வெள்ளைப் பிளாஸ்திரி கிழித்துத் தன் பெயரை முதலில் ஒட்டுபவர்க்கே அறை சொந்தம் என்பது அம்மாணவர்தம் தொல்வழக்கு.

மதயானையும் பெண்புலியும் ஒரே சுனைக்குப் பாய்ந்தாற்போல் இருவரும் பாய்ந்தனர்.

"ஏய் டில்மன், ஓடு! இப்படி நடந்தா அந்தக் குழந்தை வளந்து உனக்கே ஊசி போட்டுரும்!"

"குவின்டெரோ, உன் செருப்புறை கழண்டு கிடக்கு பாரு!"

"பொய்!" என்று குனிந்து பார்த்தாள் அவள். அந்த ஒரு கணத்தில் காற்றின் மைந்தன்போல் முந்திய நம் வீரன், கதவுகளைத் தோளால் பிளந்து, கார்முகில்நிற எந்திரத்தின்முன் நின்று, பிளாஸ்திரிச் சுருளைக் கையில் ஏந்தினான். ஏந்தியவன் அதன் நுனியைத் தேடினான். நகத்தால் ஒருமுறை வலம்வந்தான்; இல்லை. இடம்வந்தான், இல்லை. பன்றியாய் அகழ்ந்தும் அன்னமாய்ப் பறந்தும் அடிமுடி காணாது அயர்ந்த இருவரின் துயரத்தை அவன் ஒருவனே அன்று அனுபவித்தான். பல்லால் கடித்தான், சுருள் பற்களைக் காட்டிலும் வலியது.

மரிபெல்லோ முன்னறிவுடையவள். வீட்டிலேயே பெயரெழுதிக் காற்சட்டைத் தொடையில் ஒட்டிவந்த துண்டைச் சரக்கென்று உரித்து எந்திரத்தில் அறைந்தாள்.

"முடிஞ்சுது. நீ அந்தச் சுருளையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்து."

வெற்றிவேகத்தில் மருந்துகளை ஏற்றினாள், முகமூடி பொருத்தினாள், எலிவால் போன்ற மூச்சுக்குழாயை எடுத்துவைத்தாள். பின் குழந்தையின் பெற்றோரைக் காண விரைந்தவள், நடையில் சுவரோடு சாய்ந்திருந்தவனைக் கண்டு சற்றே குரல் தாழ்த்தினாள். "அழாதடா. இன்னொரு குழந்தை வரும்."

மறந்துவைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்க ராஸ்கோ ஆளில்லாத அறைக்குள் மீண்டான். அங்கே கண்டான். எச்சிலையும் கக்கலையும் உறிஞ்சி எடுக்கும் குழாய் சுவரில் இணைக்கப்படாமல் தட்டின்மேல் சுருண்டுகிடந்தது. அவசரத்தில் மறந்திருக்கிறாள், அதுவும் பால் கக்கும் குழந்தைக்கு!

அவ்வறையின் மருத்துவர் ஆல்ட்ரிச் அம்மையாரின் பிரகடனம் அந்தக் கட்டிடத்தின் தூண்களும் அறிந்தது: "உறிஞ்சுற குழாய் மாட்டாம என் அறையில நிக்கிறவங்க வீட்டுக்குப் போகலாம். அடுத்த ஆளக் கூப்பிடுங்க!" அவர் சோதிக்காமல் குழந்தையைத் தொட்டதேயில்லை, ஆகவே குழந்தைக்கு ஆபத்தில்லை. அடுத்த ஆளோ நடையில் சும்மா நிற்கிறான். ராஸ்கோ செய்யவேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாதிருந்தால் போதும். யார் தோற்றாலும் கொடியில் தொண்ணூற்றாறுதான் பறக்கும். எண்ணுக்கு முகம் கிடையாது.

முகம் மனிதருக்கு உண்டு. முதலாண்டில் ஒருநாள், மயக்க மருந்து நிரப்பாத எந்திரத்தை விட்டுவிட்டு அவன் வெளியே போயிருந்தான். திரும்பியபோது கதவுக் கண்ணாடி வழியே பார்த்தான்: மரிபெல் புட்டியைக் கவிழ்த்து நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரப்பினாள், துடைத்தாள், போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவன் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

ராஸ்கோ குழாயை எடுத்துச் சுவரில் செருகினான். குமிழைத் திருகினான், சினநாகம்போல் அது சீறியது. முனையைத் தலையணையின் வலப்புறம், அவள் கை தானாகச் செல்லும் இடத்தில் செருகிவைத்தான். நடையில் காலடியோசை கேட்குமுன் மறுவாசல் வழியே வெளியேறினான்.

பிறகு கான்டீனுக்குப் போய் ஒரு முட்டை சாண்ட்விச் வாங்கித் தின்றான்.