சரணத்தில் நின்ற கை

எனக்குக் கிட்டாரில் ஒரே ஒரு பாட்டுதான் வரும். அதையும் நடுவில் நிறுத்தாமல் வாசிக்க வராது. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

கல்யாணமான புதிதில் என்னைக் கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு டீச்சராகப் போட்டார்கள். கணவருக்கு ராமநாதபுரத்தில் வேலை. இடமாறுதல் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் குளிக்கும்போது முணுமுணுக்கும் பழைய சினிமாப் பாட்டு ஒன்று உண்டு. சரணத்தில் காதலியை ‘வா’ என்று கூப்பிடும் இடத்தில் அவர் குரல் அப்படியே குழையும். அந்தக் குரலுக்கு நான் ஏங்கிப்போனேன். (வெளியே சொன்னால் டீச்சர் மானம் என்னாவது?) அவர் பிறந்தநாளுக்கு அதையே வாசித்துக் காட்டி அசத்திவிடலாம் என்று, கிட்டார் ஒன்றை வாங்கி, சேந்தமங்கலத்தில் பஸ் பிடித்து அதோடு மலையேறினேன்.

எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது பஸ் ஸ்டாப்பில் மட்டும். அங்கே உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். தினமும் அந்த ‘வா’ வருவதற்குச் சற்று முன்னால் வீடியோ நின்று, திரையில் வட்டம் சுற்றும். நானும் கம்பியிலிருந்து விரலை எடுக்காமல் காத்திருப்பேன். என் வீட்டுக்காரம்மா பாப்பாத்தி அக்கா ஒருநாள் கிட்டாரைக் காட்டி, கவலையோடு கேட்டார்: “ஏனுங்க டீச்சர், அதுக்கு எங்கயாச்சும் வலிக்குதுங்களா?”

பிறந்தநாள் அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டேன். “ஏங்க, பேசாமக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். பல்லவி பிரமாதம். சரணத்தில் அந்த இடம் வந்ததும் கை டக்கென்று நின்றது. அங்கே நின்று நின்றே பழகிய கை!

“ஹலோ? செல்வி? ச்சே, கட் ஆயிருச்சு” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். பாதியிலிருந்து தொடங்க எனக்கு வராது, முதலிலிருந்துதான். அதே இடம், அதே கை. “ஹலோ? ஹலோ?” டொக். மூன்றாம் தடவையும் அப்படியே ஆனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் வேறு வேடிக்கை பார்த்தது. இப்போது அவரே கூப்பிட்டார். மிளகு மூட்டையோடு நின்றிருந்த பாப்பாத்தி அக்கா, பொறுக்கமாட்டாமல் போனை எடுத்துக் கத்தினார்.

“ஏனுங்க சார், சிக்னலெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க! டீச்சர்தான் நின்னு நின்னு வாசிக்கறாங்க. சித்த பொறுங்க சாமி, போன வெச்சுப்போடாதீங்க!”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. நான் போனை வாங்கினேன். வாசிக்கத் தெம்பில்லை. “எனக்கு உங்களப் பாக்கணும்போல இருக்குங்க” என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“ஹலோ? கட் ஆயிருச்சா?” இந்தத் தடவை கேட்டது நான்.

“இல்ல, இருக்கேன்” என்றார்.

இடமாறுதல் இன்னும் வந்தபாடில்லை. இந்தக் கதையை மனுஷன் சொந்தபந்தம் பூராவும் பரப்பிவிட்டதால், கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் நாத்தனார்கள் காதில் கைவைத்து “ஹலோ, ஹலோ” என்கிறார்கள். போனில் பேசும்போது சில நாள் எனக்குப் பாதியில் பேச்சு நின்றுவிடும்.

“சிக்னலா, கிட்டாரா?” என்று கேட்பார்.

“கிட்டார்தாங்க” என்பேன். அவர் போனை வைக்காமல் காத்திருப்பார்.