விழுங்க முடியாத ‘கி’

இன்று ஆறு மணிக்குள் எனக்கு டிரம்மில் ‘ஸ்விங்’ என்கிற ஜாஸ் நடை வந்தாக வேண்டும். வராவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

எங்கள் தெரு பேண்டுக்கு ஒரு டிரம்மர் தேவை. பேண்டின் தலைவர் பல் டாக்டர், சாக்ஸபோன் ஊதுகிறவர். ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து என் வாசிப்பைக் கேட்கப் போகிறார். நானோ, இடம் கிடைத்துவிட்டதாகவே ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டுவிட்டேன்!

ஸ்விங் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு தட்டை மூன்றாக்கி ‘தகிட’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘த’வை அடிக்கணும், ‘கி’யை விழுங்கணும், ‘ட’வை அடிக்கணும். தா...ட, தா...ட என்று நடை ஊஞ்சலாடும். எனக்கு அந்தப் பாழாய்ப்போன ‘கி’ மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. ஒன்று, அதையும் சேர்த்து அடித்தேன். இல்லை, டக் டக்கென்று சரிபாதியாகப் பிளந்தேன். எங்கள் வீட்டில் சரிபாதி என்று ஒன்று இருந்தது என் வாசிப்பில் மட்டும்தான்.

“என்னங்க, கல்லா உடைக்கிறீங்க?” என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

“பேசறது சுலபம். நீ வாசி பார்ப்போம்!”

குச்சியை வாங்கினாள். தா...ட, தா...ட. அப்படியே ஸ்விங்! எனக்கு வயிறு எரிந்தது.

“இது எப்படி உனக்கு?”

“நீங்க ஆபீஸ் போனப்புறம் டிரம்ல தூசி தட்டுவேன்ல? அப்படியே கொஞ்சம் தட்டிப் பார்த்தேன்.”

மணி ஐந்தரை. எரிகிற வயிற்றிலேயே ஒரு யோசனை பிறந்தது.

“இதோ பாரு. டாக்டர் படியேறும்போது நீ உள்ளறையில வாசி. காலிங் பெல் அடிச்சதும் நிறுத்திட்டு சமையலறைக்குள்ள போயிடு. நான் விரல்ல கட்டோட போய்க் கதவைத் திறக்கறேன். ‘இப்பத்தான் சார், ஸ்டூல்ல நசுங்கிடுச்சு’ம்பேன். கேட்ட வாசிப்பை வச்சே என்னை எடுத்துக்குவார்!”

“சரிங்க.”

எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமானதிலிருந்து காணாத அதிசயம். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டாமா?

படியில் செருப்புச் சத்தம். உள்ளே டிரம் ஆரம்பித்தது. விரல் கட்டை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன். காலிங் பெல் அடித்தது. முகத்தில் வலியை வரவழைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

உள்ளே டிரம் நிற்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். என் கட்டைப் பார்த்தார். உள்ளறைப் பக்கம் காதைத் திருப்பினார்.

“நீங்க இங்க நிக்கிறீங்க. அப்ப உள்ள வாசிக்கிறது?”

“ரே... ரேடியோ சார்.”

“டாக்டர் வந்துட்டாராங்க?” என்றது ரேடியோ. “உட்காரச் சொல்லுங்க. இந்தச் சுத்தை முடிச்சிட்டு வந்துடறேன்!”

முடித்துவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

“மேடம், ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு வந்துடுங்க! ஒரே ஒரு சிக்கல்தான். இந்த டிரம்மையெல்லாம் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணும். சாருக்கு வேற விரல்ல அடி...”

“ஒரு விரல்தானே டாக்டர்?” என்றாள் என் மனைவி. “மிச்சம் ஒன்பது சும்மாத்தான் இருக்கு.”