நட்பு மன்றத்தின் ஒரே உறுப்பினர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. நட்பை மட்டும் கேட்பாரற்றுத் தெருவிலேயே விட்டுவைத்திருந்தது. அதைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நியமித்து ஒழுங்குபடுத்திய பெருமை எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியையே சேரும். பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பதால் அந்தப் பொற்காலத்தைக் கிட்டத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஊசியில் நூல் கோர்ப்பதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் நிலைமை படுமோசம், கண்ணுகளா. யார் வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் சிநேகமாக இருந்தார்கள். விண்ணப்பம் கிடையாது, தீர்மானம் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பெண்கள். ஒருத்தி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவளுக்கு ரேடியோ என்று பேர். இன்னொருத்தி வாயை மூடினால் திறக்கமாட்டாள், அவள் தூண். ரேடியோ பேசுவாள், தூண் கேட்பாள். தூண் சிரித்தால் சொன்ன கதை நல்ல கதை என்று அர்த்தம். சிரிக்காவிட்டால் ரேடியோ அதையே வேறு மாதிரி மாற்றி மறுபடி சொல்லுவாள். என் கடைக்குப் பொத்தான் தைக்க வந்தால்கூட இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள், அறுந்தது ஒரே ஒரு பொத்தானாக இருந்தாலும். இப்படி எந்த மேற்பார்வையும் இல்லாமல் ஒரு நட்பு வளர்ந்தால் நாடு என்னத்துக்கு ஆகும்?

நல்லவேளையாகச் சுற்றறிக்கை வந்தது. "மாணவரிடையே தோழமையை வளர்க்கும் பொருட்டு" ஒவ்வொரு பள்ளியிலும் இருபது மன்றங்கள் இயங்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு மன்றத்தில், ஒன்றே ஒன்றில், உறுப்பினராக இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் மொத்தமே இருபது பிள்ளைகள்.

வேறு தலைமையாசிரியராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். எங்களுடையவர் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் வகுத்துப் பார்த்தார். மீதி வரவில்லை. மீதி வராத கணக்கைக் கண்டால் அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். மன்றத்துக்கு ஒரு பிள்ளை என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு, மன்ற நேரம் ஆயிற்று. அதன் வெற்றியை என்னவென்று சொல்வேன்! சதுரங்க மன்றத்துப் பையன் ஆடிய ஆட்டத்தில் எல்லாம் ஜெயித்தான். சேர்ந்திசை மன்றத்தில் ஒருவர் சுருதி இன்னொருவர் சுருதியோடு இடிக்கவே இல்லை. கால்பந்து மன்றத்துப் பெண் பந்தை உதைத்துவிட்டு, அதைத் தடுக்க அந்தப் பக்கக் கம்பத்துக்குத் தலைதெறிக்க ஓடினாள். கயிறு இழுக்கும் மன்றத்தில் மறுமுனையைக் கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டார்கள். கம்பம் இன்றுவரை தோற்றதில்லை.

யாருக்கு எந்த மன்றம் என்பதில் பாரபட்சம் கூடாது அல்லவா? தலைமையாசிரியர் தம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். தூணுக்கு விவாத மன்றம். வெட்டியும் அவள்தான், ஒட்டியும் அவள்தான். வாரா வாரம் இரண்டு தரப்பும் மௌனம் சாதித்தன. வெற்றி தோல்வி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ரேடியோவுக்கு நட்பு மன்றம். 'தலைவர்' என்று எழுதிய தோள்பட்டியை நான்தான் தைத்துக் கொடுத்தேன். செயலாளர், பொருளாளர் பட்டிகளும் அவளுக்கே என்பதால் பாவம், கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அப்படியே தலைமையாசிரியர் அறைக்குப் போய் நின்றாள். பட்டிக்குக் கூலி வாங்க நானும் பின்னாலேயே போனேன்.

"சார், தூணையும் என் மன்றத்துல சேத்துக்கட்டுமா?"

"அப்ப விவாத மன்றத்துக்கு யாரு?"

"அவதான் பேசவே மாட்டாளே சார்."

"அதனாலதான் சண்டை சச்சரவு இல்லாம நடக்குது. அப்படி ஒரு விவாத மன்றம் சுத்துவட்டாரத்துலயே கிடையாது, தெரியுமா?"

"எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான் சார்."

"நட்பு மன்றத் தலைவர் பேசற பேச்சா இது? ஏற்கெனவே சிநேகிதமா இருக்கறவங்களைச் சேத்தா அது வேண்டியவங்களுக்குச் சலுகை காட்டறது. வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க."

எவ்வளவு நுட்பமான நியாயம்! எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதிக்குக் கைதட்டினேன்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் தூணின் அம்மாவுக்கு வேலை மாற்றல் வந்தது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவள். மலைக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர். சாமான் எல்லாம் லாரியில் முன்னாலேயே போய்விட்டது. தாயும் மகளும் வெள்ளிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் கிளம்ப வேண்டும். பஸ் நிற்கிற இடம் பள்ளிச் சுவரை ஒட்டித்தான். மூன்று மணி என்பது மன்ற நேரம்.

தலைமையாசிரியர் நர்ஸ் வீட்டுக்கே போய்விட்டார்.

"நீங்க போங்க சிஸ்டர், நான் வேணாங்கல. பொண்ணை மட்டும் வருஷக் கடைசி வரைக்கும் விட்டுட்டுப் போங்க. விவாத மன்றம் அநாதையாயிடும்."

"என் பொண்ணு அநாதையானா பரவாயில்லையா சார்?"

"எதுக்கு ஆகணும்? நட்பு மன்றம்னு ஒண்ணு இருக்கே!"

"அதுல அவளைச் சேத்துக்குவீங்களா?"

"அதுக்கு விதியில இடமில்ல சிஸ்டர்."

நர்ஸ் கதவைச் சாத்தினாள். ஊசி போட்டுப் பழகிய கை, வலிக்காமல் சாத்தினாள்.

ரேடியோவும் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அஞ்சே நிமிஷம் சார். பஸ்ஸுகிட்டப் போய் டாட்டா காட்டிட்டு ஓடி வந்துடறேன்."

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கா? ஆய்வு அதிகாரி வர்ற நேரம்மா! நீ போயிட்டா மன்றமே ஒட்டுமொத்தமா வெளிநடப்பு செஞ்ச மாதிரி ஆயிடும்."

"அப்ப ஜன்னல்லேருந்து காட்டிக்கறேன்."

"ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கேன். வெளியில யாராவது சேந்து விளையாடினா உன் கவனம் சிதறும்."

அன்று சாயங்காலம் என் கடை வாசலில் வந்து நின்றாள். "என்னடி ரேடியோ, பேட்டரி போயிடுச்சா?" என்றேன். பொத்தான் எதுவும் அறுந்திருக்கவில்லை. சும்மா நின்றுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாரி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நட்பு மன்ற அறைக்குத் திரை போட உத்தரவு. நான் துணியும் அளவு நாடாவுமாக மூலையில் நின்றேன். அதிகாரி உள்ளே வந்தார். ரேடியோ எழுந்து தன்னைத் தானே வரவேற்று, தனக்குத் தானே நன்றி சொன்னாள்.

"மன்றத்துல எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்திதான் சார்."

"உங்களுக்குள்ள சண்டை ஏதாவது?"

"இல்ல சார்."

அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒத்துமையை நான் பாத்ததில்ல சார்!"

வெளியே பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ரேடியோ சாத்தின ஜன்னலையே பார்த்தாள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தூண் வந்து நின்றாள்.

தலைமையாசிரியர் கையை நீட்டி மறித்தார். "நீ எப்படி இங்க? இது வேற மன்றம்!"

"விவாத மன்றம் சார்," என்றாள் தூண். அவளுக்கு அப்படி ஒரு கனத்த குரல் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். "விவாதம் நடத்த வந்திருக்கேன். வழியனுப்பப் போறது சரியா, தப்பா?"

"அருமையான தலைப்பு!" அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரிதான். ஆனா முன் அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும்."

"மன்னிக்கணும் சார்," என்றார் தலைமையாசிரியர். விதி என்று வந்துவிட்டால் அவர் அதிகாரிக்கும் அசையமாட்டார். "போயிட்டு வந்தப்புறம் ஒப்புதல் வாங்கினாலே போதும். நாலாவது பிரிவு."

"நாலாவது பிரிவு வரவேற்கப் போறதுக்குங்க!"

"வரவேற்பும் வழியனுப்பும் ஒரே இனம் சார்!"

இருவர் முகமும் சிவந்துவிட்டது. எங்கள் விவாத மன்றத்தின் முதல் விவாதம் அது. குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை. அகலம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திரைத்துணியை அவர்களுக்கும் கதவுக்கும் நடுவில் விரித்துப் பிடித்தேன். நல்ல அகலமான துணி. கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் சத்தம் போடுவது கேட்டது.

"ஏம்மா, ஊருக்குப் போறது யாரு?"

"இவ," என்றாள் ரேடியோ.

"அப்ப நீ எதுக்குப் படியில நிக்கற? இறங்கு, விசில் ஊதணும்."

"அவ பேசிட்டிருக்கா அண்ணே. இப்பதான் ஆரம்பிச்சிருக்கா. நடுவுல நிறுத்தாதீங்க."

கண்டக்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார் போல. வெகுநேரம் அது ஊதவில்லை. தூணின் கனத்த குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒருதரம் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். தலைவர் உரை இல்லை, நன்றியுரை இல்லை. பஸ் ஒருவழியாகக் கிளம்பிப் போயிற்று.

உள்ளே நாலாவது பிரிவில் ஒரு சமரசம் ஏற்பட்டிருந்தது. நான் துணியை இறக்கினேன். அதிகாரி சுற்றும்முற்றும் பார்த்தார்.

"உறுப்பினர் எங்கே?"

"சிநேகிதியை வழியனுப்பப் போயிருப்பா சார்," என்றார் தலைமையாசிரியர், ஈனஸ்வரத்தில்.

அதிகாரி திடுக்கிட்டார். "என்ன அநியாயம் சார் இது? நட்பு மன்ற நேரத்துலயா?"

அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு முதல் பரிசு கிடைத்தது. ரேடியோவுக்குக் கண்டனம் கிடைத்தது. இரண்டையும் ஒரே கூட்டத்தில்தான் வாசித்தார்கள், ஒரே குரலில். காரணமும் இரண்டுக்கும் ஒன்றுதான்: நட்பு.