தலை தீபாவளியும் பதினோரு அதிரசமும்

பிள்ளைகளே, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கல்யாணம் ஆன புதிதில் உங்கள் அப்பாவுக்குப் 'போதும்' என்ற சொல் வாயில் வராது.

எழுபதுகளின் கடைசியில், தலை தீபாவளிக்கு உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனேன். 'நல்ல இடத்தில்தான் பெண்ணைக் கொடுத்தோம்' என்று அவர்கள் நினைக்க வேண்டும். அது ஒன்றுதான் என் கவலை. (மாப்பிள்ளை முறுக்கு காட்டக்கூடத் தைரியம் கிடையாது.)

நோன்பு முடிந்து இலை போட்டார்கள். இட்லி, வடை, அப்புறம் நோன்பு அதிரசம் இரண்டு. சாமிக்குப் படைத்ததை மிச்சம் வைத்தால் எங்கள் வீட்டில் முதுகில் விழும். ஆகவே தின்று முடித்தேன். அவர்கள் வீட்டிலோ மாப்பிள்ளையின் இலை காலியாகக் கிடந்தால் மானக்கேடு! மாமியார் இன்னும் இரண்டு வைத்தார். நான் முடித்தேன். அவர் வைத்தார்.

"மாப்ளைக்கு ரொம்பப் புடிச்சிகீது!" என்று பூரித்தார் மாமனார்.

எட்டாவதில் எனக்குக் கண் சொருகியது. மாமியாருக்கு வேர்த்துக் கொட்டியது. பங்காளி வீடுகளுக்குக் கொடுக்க வைத்திருந்த அதிரசம் அது என்று எனக்கென்ன தெரியும்? 'போதும்' என்று சொல்ல எனக்குப் பயம். 'தீர்ந்துபோச்சு' என்று சொல்ல அவருக்குப் பயம்.

ஆறாவது முறை ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதையும் விழுங்கினேன். உங்கள் அம்மா விடுவிடென்று வந்து என் இலையைத் தன் கையாலேயே மடித்துவிட்டாள்.

"யம்மா, நீ வெக்காத. நீங்களும் துன்னாதீங்க. வாயத் தொறந்து சொன்னா இன்னா, ரெண்டு பேரும்?"

எழுந்திருக்க முடியவில்லை. மச்சினன்தான் தூக்கிவிட்டான். பாயில் மல்லாந்து, வயிற்றைத் தடவியபடி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். புது மாப்பிள்ளையைப் பார்க்கப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். என்னைப் பார்த்தார். உங்கள் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாடி இது, முழுகாம கீறது நீயா, உம் புருஷனா?"

முதலில் சிரித்தது மாமியார்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். சாயங்காலம் வந்து, "மாப்ள, ஒரு டம்ளர் கஞ்சி போதுமா?" என்று கேட்டார்.

"போதும் அத்தை" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! அந்தச் சொல் யாரையும் புண்படுத்தாது பிள்ளைகளே, தைரியமாகச் சொல்லுங்கள். அன்றிலிருந்து எனக்கும் அத்தைக்கும் நடுவில் கூச்சமே இல்லை.

இன்றைக்கும் தீபாவளியன்று நான் மூன்றாவது அதிரசத்துக்குக் கை நீட்டினால், உங்கள் அம்மா மெதுவாக, "இன்னாங்க, எத்தினாவது மாசம்?" என்பாள். நான் கையை இழுத்துக்கொள்வேன். நீங்கள் மூவரும் ஒன்றும் புரியாமல் விழிப்பீர்களே, விஷயம் இதுதான்.