முன்சீட்டில் மாமனார்

சங்ககிரி தாண்டி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி "லொடக்" என்றது. காரை ஓட்டிக்கொண்டிருந்த முருகானந்தம் பதறிப்போய்ப் பக்கத்து முன்சீட்டைப் பார்த்தான். மாமனார் வேலுசாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பாத்தயா, என் வண்டியப் பாக்கவே புடிக்காம கண்ண மூடிக்கிட்டாரு" என்று பின்சீட்டிலிருந்த மனைவியிடம் முணுமுணுத்தான்.

"தூங்கறாருங்க" என்றாள் சத்யபிரியா.

"வளவன் வண்டில மட்டும் தூங்கறதில்லயே? நிமிந்து உக்காந்து ரெண்டு பக்கமும் வேடிக்கை பாத்துக்கிட்டுப் போறாரு!"

வளவன், சத்யபிரியாவின் தங்கை புருஷன். ஆறு மாதத்துக்கு முன்னால் புதுக் கார் எடுத்தான். அன்றிலிருந்து முருகானந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. மாமனார் குமாரபாளையத்தில் நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். போன வருஷம்தான் தறிகளை விற்றார். அவரைச் சேலம் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் முறை வைத்து நடந்தது.

"சின்னவரு வண்டில பொட்டுச் சத்தம் இல்லீங்க மாப்ளே" என்று அவர் சொல்லும்போதெல்லாம் முருகானந்தத்தின் வயிறு பற்றி எரிந்தது.

வருகிற ஆவணியில் ஆட்டையாம்பட்டியில் மாமனாரின் தங்கை பேத்திக்குக் கல்யாணம். அவர் எந்த மாப்பிள்ளை வண்டியில் வந்து இறங்குகிறார் என்று மொத்தச் சொந்தமும் மண்டப வாசலில் நின்று பார்க்கும். தன் வண்டியிலிருந்து இறங்காவிட்டால் மூத்த மாப்பிள்ளையாக இருந்து என்ன பிரயோஜனம்?

முதலில் சத்தத்தை மறைக்கப் பாட்டைப் பெரிதாக வைத்தான். மாமனார் திடுக்கிட்டு எழுந்தார்.

"அந்தக் கருமத்த நிறுத்துங்க மாப்ளே!"

சேலம் போய்ச் சேரும்வரை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார்.

அடுத்து ரோட்டோரக் கடையில் ஷாக் அப்சார்பரை மாற்றினான். ஒரு பக்கம் கேட்ட சத்தம் இப்போது இரண்டு பக்கமும் கேட்டது. மாமனார் இந்தத் தடவை குறட்டையே விட்டார்.

"குறட்டை உட்டே மானத்த வாங்கறாரு" என்று பல்லைக் கடித்தான்.

கடைசியாகக் கரீம் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். வளவனும் அங்கேதான் வண்டியை விடுவான் என்பதால் இத்தனை நாள் அந்தப் பக்கமே தலைவைக்காமல் இருந்தான்.

கரீம் பாய் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அடியில் நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பியதும், உள்ளே ஏதோ ஆடுகிற பல்லைப் போல அசைந்தது.

"முன்சக்கரத்தப் புடிச்சு வெக்கற பால்ஜாயிண்ட் ரெண்டும் போயிருச்சு தம்பி. ரப்பர் கிழிஞ்சு, கிரீஸ் பூரா வழிஞ்சு, மண்ணு பூந்திருக்குது. பெரிய குழில உட்டீங்கன்னா சக்கரம் மடங்கிக்கும்."

முருகானந்தத்துக்கு ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. அடுத்த கணமே பொறாமை முந்திக்கொண்டது.

"மாத்துனா வளவன் வண்டியாட்டம் ஆயிருமுங்களா?"

"அதவிட நைசாப் போகும்."

"அப்ப ரெண்டையும் மாத்துங்க. அலைன்மென்ட்டும் பாத்துருங்க."

வேலை முடிந்ததும் வழக்கப்படி கழற்றிய பழசைக் கரீம் பாய் எடுத்து நீட்டினார். கையில் ஆட்டினால் இரண்டும் கடகடவென்றன.

"அந்தச் சனியன என் கண்ணுல காட்டாதீங்க பாய். யாருக்கு வேணும்னாலும் குடுத்துருங்க!"

கல்யாணத்தன்று மாமனார் அவன் வண்டியிலேயே ஏறினார். ஏழு வேகத்தடை தாண்டியும் ஒரு சத்தம் இல்லை. மாமனார் ஒரு முறை குனிந்து கால்பக்கம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார்.

"பாத்தயா!" என்று கண்ணாடி வழியாக மனைவிக்குக் கண்ணடித்தான் முருகானந்தம்.

மண்டப வாசலில் சொந்தமெல்லாம் பார்க்க, மாமனார் அவன் வண்டியிலிருந்து இறங்கினார். வளவன் ஓரமாக நின்று பார்த்தான். முருகானந்தம் பந்தியில் ஜிலேபியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஊருக்குக் கிளம்பும்போதுதான் விபரீதம். வளவன் மாமனாரின் காதில் ஏதோ சொன்னான். அவர் முகம் மலர்ந்தது.

"மாப்ளே, நான் சின்னவரு வண்டில வாரேன். நீங்க அத்தையக் கூட்டிக்கிட்டு வாங்க."

முருகானந்தம் சாவியும் கையுமாக நிற்க, வளவனின் புது வண்டி மண்டப வாசல் மேட்டில் ஏறி இறங்கியது.

"லொடக்… லொடக்…"

மாமனாரின் தலை அதற்குள் ஜன்னலில் சாய்ந்திருந்தது.

"புது வண்டிக்கு என்னங்கத்தே ஆச்சு?" என்றான் முருகானந்தம். குரலில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

மாமியார் சின்னாயி பின்சீட்டில் நிதானமாக ஏறி உட்கார்ந்தார்.

"நாப்பது வருசம் தறிச் சத்தத்துலயே தூங்குன மனுசனுங்க. தறிய வித்ததுல இருந்து ஊட்டுல பொட்டுத் தூக்கமில்ல. உங்க வண்டி லொடலொடப்புலதான் செத்த நேரம் கண்ணசருவாரு."

"அப்ப வளவன் வண்டி எப்படிங்க…?"

"மாமனாரு உங்க வண்டில மட்டும் தூங்கறாருன்னு சின்னவரு ஆறு மாசமா வவுறெரிஞ்சுக்கிட்டிருந்தாரு சாமி, நீங்க வேண்டாம்னு உட்டுட்டு வந்த ரெண்டு பால்ஜாயிண்டையும் கரீம் பாய்கிட்டக் கெஞ்சி வாங்கி, தகர டப்பால போட்டு சீட்டுக்கடியில கட்டிட்டாரு!"