நோக்கமில்லாச் சான்றிதழ்

திண்டுக்கல்லில் குளத்தைச் சுற்றிப் பூங்கா போட்டு, "உலாவுவோர் மட்டும்" என்று பலகை வைத்தார்கள். அதில் குற்றமில்லை. உலாவுவோர் யார் என்று தீர்மானிக்க ஓர் அலுவலகமும் திறந்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

தக்காளி மண்டி பெருமாள்சாமிக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. "மூணு மாசம் நடங்க. குறையலேன்னா தினமும் ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெருமாள்சாமி சட்டைக்குப் பட்டன் தைப்பதைக்கூடப் பார்க்கப் பயப்படுகிற மனிதர். மகள் கீர்த்தனா வாங்கித் தந்த பச்சை ஷூவையும் காலடி எண்ணும் கடிகாரத்தையும் மாட்டிக்கொண்டு அன்றே பூங்காவுக்கு ஓடினார். வாசலில் அனுமதி அட்டை கேட்டார்கள்.

அட்டை கொடுக்கும் அலுவலர் ஆனந்த்ராஜ் மனுவைப் புரட்டினார். "நோக்கம்ங்கிற எடத்துல 'சர்க்கரை குறைய'ன்னு எழுதியிருக்கீங்களே?"

"அதுக்குத்தான சார் வாரேன்."

"விதி மூன்றின்படி, நோக்கம் ஏதுமின்றி மெல்ல நடப்பதே உலாவுதல். நோக்கம் இருந்தா அது நடைப்பயிற்சி. அது எங்க துறையில வராது."

"அப்ப ஒண்ணும் எழுதாம விட்டுர்றேன்."

"பூர்த்தி செய்யாத மனு தள்ளுபடி."

"நோக்கம் இல்லைன்னு எழுதவா?"

"நீங்க சொன்னா ஆச்சா? நோக்கமில்லாச் சான்றிதழ் வேணும். மாடியில கடைசி ரூம்."

மாடி, கீழே போய்க் கையெழுத்து வாங்கிவரச் சொன்னது. கீழே, பின்கட்டில் முத்திரை என்றார்கள். பின்கட்டில் முத்திரை இருந்தது. மை மாடியில் இருந்தது. மூன்று மாதம் ஏறி இறங்கினார் பெருமாள்சாமி. எதிரே ஷூ போட்ட நாற்பது பேர் இறங்கி ஏறினார்கள்.

கெடு முடிந்த அன்று டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து அசந்துபோனார். "நூத்திப்பத்து! ஊசி வேண்டாம். எங்க நடந்தீங்க?"

பெருமாள்சாமி நேரே போய் ஆனந்த்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். "அட்டையே வேணாம் சார். உங்க படிக்கட்டு போதும். தினமும் இங்கனயே வாரேன்."

"என்ன சோலியா?"

"சோலி ஒண்ணுமில்ல. சும்மா நடப்பேன்."

ஆனந்த்ராஜ் முகம் இறுகியது. "அதுக்குப் பேருதான் உலாவுதல். இங்க உலாவவும் அட்டை வேணும். மனு எழுதுங்க."

படிக்கட்டு ஏறிச் சர்க்கரை குறைந்த சேதி ஊரெல்லாம் பரவியது. மறுநாள் பூங்காவில் ஈ காக்கை இல்லை. அலுவலகத்தில் ஊரே வரிசை கட்டி நின்றது. பெருமாள்சாமிதான் முதல் ஆள்.

பின்னால் நின்ற மலைச்சாமி எட்டிப் பார்த்தார். "நோக்கம்னு என்ன அண்ணே எழுதணும்?"

"தள்ளுபடி ஆகுற மாதிரி எதையாச்சும் எழுது அப்பு. அட்டையைக் கையில குடுத்துட்டான்னா ஏறி எறங்குறது நின்னுரும், அப்புறம் நம்ம பொழப்பு ஊசிதான்."